ஐப்பசி மழை தொடங்கிவிட்டது என்று சைக்கிளை மூலையில் சாத்தாதீர்கள்

ஒக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் சைக்கிள் குழுவின் ஞாயிறு ஓட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். "மழை விடட்டும் அக்கா, ஜனவரியில வாறன்" என்று சொல்லிவிட்டு இளம் பிள்ளைகள் சைக்கிளைக் கட்டிலுக்குப் பின்னால் சாத்திவிடுகிறார்கள். இவர்களில் பலர் அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு ரேஸில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். அந்த ஆசைக்கு அத்திவாரம் போடுகிற மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, குழுவின் பின்வரிசையை நடத்துகிற ஒருத்தியாக இதை எழுதுகிறேன். 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் சைக்கிளில் ஏறி, அப்படியே இறங்க மனமில்லாமல் தொடர்ந்தவர்கள் எங்கள் குழுவில் நிறையப் பேர். அவர்களுக்கும் இது உதவும்.

ஐரோப்பாவில் இது இலையுதிர்காலம். 1905இல் தொடங்கிய லொம்பார்டியா சைக்கிள் ரேஸ் இத்தாலியில் ஒக்டோபரில் நடக்கும். அதோடு அங்கே வீதி ரேஸ்களின் பருவம் முடிகிறது. அப்புறம் சேற்றிலும் புல்லிலும் ஓடுகிற சைக்ளோகுரொஸ் தொடங்கும். பிரித்தானியாவில் சின்னக் கழகங்கள்கூட மேடேறும் போட்டி வைத்து ஆண்டை முடிப்பார்கள். யூடியூப்பில் அவர்களைப் பார்த்துவிட்டு "இது ஓய்வெடுக்கிற காலம்" என்று நம்முடைய பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நமக்குக் கணக்கு வேறு. விமானப்படையின் சைக்கிள் சவாரி மார்ச்சில் வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு ஊர் சைக்கிள் ஓட்டப் போட்டி வைப்பார்கள். அதற்குத் தயாராக ஐந்து மாதம் வேண்டும் என்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

மழைக்கும் ஒரு நேரசூசி உண்டு

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பரில் வடகீழ்க் காற்று தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் நல்ல மழை மாதங்கள். ஆனால் இந்த மழை பெரும்பாலும் பின்னேர மழை. காலை முழுக்க வெயில் தரையைச் சூடாக்கும், கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், இரண்டு மணிக்குப் பிறகு முகில் கறுத்து இடியோடு கொட்டும். விடியற்காலை வானம் அநேகமாகக் கழுவித் துடைத்தது போல இருக்கும். ஆகவே பின்னேர ஓட்டங்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் அலுவலகம் விட்டு வந்து ஓடுவதற்கு வெளிச்சமும் கிடைக்காது.

காலை 5.15க்குப் புறப்பட்டால் 8.30க்கு முன் வீட்டில் இருக்கலாம். சூரியன் உதிப்பதே ஆறு மணியளவில் என்பதால் முன்னும் பின்னும் விளக்குக் கட்டாயம். பின்விளக்கு இல்லாதவரை எங்கள் குழு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. போயா நாட்களை விட்டுவிடாதீர்கள். விடுமுறை என்பதால் விகாரைகளை அண்டிய இடங்களைத் தவிர மற்ற வீதிகள் காலையில் ஆறுதலாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிவிட்டால் மேலே சொன்ன நேரசூசி செல்லாது. விடிய விடியப் பெய்யும். அன்றைக்கு வெளியே போகவே வேண்டாம். மின்னலுக்கும் ஒரு விதி இருக்கிறது: மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் முப்பது விநாடி இல்லையென்றால் இறங்கி, சரியான கட்டடம் ஒன்றுக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் நிற்கக்கூடாது. கடைசி இடி முழங்கி அரை மணி நேரம் கழியும்வரை திரும்ப ஏறக்கூடாது. காலிமுகத்திடல், பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள வெளி போன்ற திறந்த இடங்களில் ஓடுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து மணி இருட்டில் சந்திக்கிற இடத்துக்குத் தனியே வர வேண்டாம். எங்கள் குழுவில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருப்பவர்களை இருவர் மூவராகச் சேர்த்துவிடுகிறோம். ஒருவர் வீட்டு வாசலுக்கு மற்றவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே இதைக் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

ஈர வீதி

பெருமழையைவிட மோசமானது, வெயில் நாட்களுக்குப் பிறகு விழுகிற முதல் தூறல். பஸ்ஸும் ஓட்டோவும் சிந்திய ஒயில் தண்ணீரில் மிதந்து மேலே வரும். பத்து இருபது நிமிடம் அடித்துப் பெய்தபின் வீதி ஓரளவு கழுவப்பட்டுவிடும். அதுவரை வேகத்தைக் குறையுங்கள். மஞ்சள் கடவையின் பெயின்ற், வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம், இந்த நான்கின் மேலும் பிரேக் பிடிக்காமல், ஹாண்டிலைத் திருப்பாமல், நேராகப் போய்விட வேண்டும். நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கம் களனிவெளிப் பாதையின் ரயில் கடவைகளைத் தாண்டும்போது முன்சில்லு தண்டவாளத்தைச் செங்குத்தாகச் சந்திக்கட்டும். வீதி சாய்வாகக் கடந்தால், பின்னால் பார்த்து, கை காட்டி, கொஞ்சம் அகல எடுத்துத் திரும்பிக் கடவுங்கள்.

தேங்கி நிற்கிற வெள்ளத்துக்குள் இறங்கவே வேண்டாம். அடியில் மூடியில்லாத கான் இருந்தால் தெரியாது. காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் வர வழி திறந்துவிட்ட மாதிரி. தவிர்க்க முடியாமல் கடந்திருந்தால் வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவுங்கள். அடுத்த ஓரிரு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு வந்தால் வைத்தியரிடம் வெள்ளத்தில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது ஈரத்தில் பிடிப்பைக் கூட்டும். 25 மி.மீ. டயர், 65-70 கிலோ எடையுள்ள ஆள் என்றால், காய்ந்த வீதிக்கு 90 பி.எஸ்.ஐ. அடிக்கிறவர் மழைக்கு 80 அடிக்கலாம். மழையில் காற்றுப் போவதும் கூடும். கண்ணாடித் துண்டுகளைத் தண்ணீர் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு வரும், ஈரமான ரப்பருக்குள் அவை இலகுவாக இறங்கும். நனைந்த டியூப்பில் ஒட்டுப் பிடிக்காது, ஆகவே இரண்டு மாற்று டியூப் பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மெல்லிய பிரெஸ்ரா வால்வு உள்ளவர்கள் ஒரு பித்தளை அடப்ரரையும் பையில் போடுங்கள். வழியில் காற்றடிக்கிற கடைகளில் இருப்பது வாகன வால்வுக்கான குழாய்.

குழுவாக ஓடுவது

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி, எனக்கு மிகவும் பிடித்த விடயமும் இதுதான். ரேஸில் வெல்வதற்கு நெஞ்சும் காலும் வேண்டும். ஆனால் ரேஸில் விழாமல் கடைசிவரை இருக்க வேண்டுமென்றால் அடுத்தவர் சில்லுக்குப் பின்னால் நேராக, அமைதியாக, எதிர்பார்க்கக்கூடிய விதத்தில் ஓடத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத்தர ஞாயிறு ஓட்டத்தை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை. மெதுவாக ஓடுகிற மழை மாதங்களில்தான் அது நன்றாகப் பதியும்.

முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுப்பதால், வேகமான ஓட்டத்தில் அவருக்குப் பின்னால் ஒட்டி ஓடுகிறவருக்குக் கால்பங்குக்கும் மேலாகச் சக்தி மிச்சமாகும். புதியவர்கள் முதலில் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஓடுங்கள். பழகப் பழக அதை அரை மீற்றருக்குக் கொண்டுவரலாம். ஈரத்தில் திரும்பவும் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனெனில் சில்லின் வளையத்தைப் பிடிக்கிற றிம் பிரேக் முதல் ஓரிரு சுற்றில் தண்ணீரைத் துடைக்க மட்டுமே செய்யும், பிடிப்பது அதற்குப் பிறகுதான். முன்னால் உள்ளவரின் பின்சில்லையே உற்றுப் பார்க்காதீர்கள். அவருடைய தோளுக்கு மேலால் இரண்டு மூன்று பேர் தள்ளிப் பாருங்கள். உங்கள் முன்சில்லு அவருடைய பின்சில்லுக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக்கூடாது. அவர் ஒரு கிடங்கைத் தவிர்க்க ஒரு சாண் விலகினாலே சில்லும் சில்லும் உரசும், விழுவது பின்னால் இருப்பவர்தான்.

சைகைகள் இலகு. கிடங்கு இருக்கிற பக்கம் கீழே விரல் காட்டுவது, நிற்கப்போகிறோம் என்றால் கையை முதுகுக்குப் பின்னால் விரித்துக் காட்டுவது. ஈரத்தில் ஒரு கையை எடுக்கப் பயமாக இருந்தால் வாயால் கத்துங்கள். எங்கள் குழுவில் தமிழில் "கிடங்கு!", சிங்களத்தில் "வலக்!", ஆங்கிலத்தில் "ஹோல்!" மூன்றும் ஒன்றாகக் கேட்கும், எல்லோருக்கும் எல்லாம் விளங்கும்.

வரிசையில் முன்னால் இருப்பவர் மாறுகிற முறையைக் கிட்ட நின்று பார்ப்போம். தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை வரைக்கும் காலி வீதியில் நாங்கள் ஒற்றை வரிசை, முன்னால் இருப்பவர் மாறுவதே இல்லை. பாணந்துறைப் பாலம் தாண்டி, வாகனம் குறைந்த பிறகுதான் மாற்றம். முன்னால் இருப்பவர் வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறார். வாகனம் இல்லை. வலது முழங்கையை ஒருமுறை ஆட்டுகிறார். அரை மீற்றர் வலப்பக்கம் விலகி, பெடலை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் குறைக்கிறார். இரண்டாவது ஆள் இப்போது முன்னால். இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் உற்சாகத்தில் இறுக்கி மிதிப்பார்கள், வரிசை அறுந்துவிடும். அவர் செய்ய வேண்டியது ஒன்றே: வேகம் காட்டுகிற மீற்றரில் 26 இருந்தால் 26ஐ அப்படியே வைத்திருப்பது. விலகியவருக்குப் பக்கத்தால் மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்னேறுகிறார்கள். கடைசி ஆள் "கடைசி!" என்று சொல்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் விலகியவர் சற்று அழுத்தி மிதித்து அவருடைய சில்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறார். இதைப் பேச்சு மூச்சில்லாமல் செய்கிற குழுவைப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்கும்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் சைக்கிள் வழிகாட்டி எழுத முடியாது. தனியார் பஸ் உங்களை முந்திக்கொண்டு போய், உங்களுக்கு முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிறுத்தும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் தெரிகிற இடைவெளிக்குள் எந்தக் காரணம் கொண்டும் நுழையாதீர்கள், மிதிபலகையில் இருந்து ஆள் குதிப்பார். பின்னால் நின்று, அது புறப்படும்வரை காத்திருங்கள். குழுத் தலைவர் சொன்னால் மட்டும் வலப்பக்கத்தால் முந்துங்கள்.

இன்னொரு மரியாதை: மழைக்காலத்தில் பின்சில்லுக்கு மட்காட் போடுங்கள். அது இல்லாமல் முன்னால் ஓடினால் வீதியில் இருக்கிற அழுக்குத் தண்ணீர் முழுக்கப் பின்னால் வருகிறவரின் வாய்க்குள்தான் போகும். மட்காட் இல்லாதவர் வரிசையின் கடைசியில் ஓட வேண்டும்.

அதிவேக நெடுஞ்சாலைக்குச் சைக்கிள் போகக்கூடாது என்பது தெரிந்ததுதான். தூரம் வேண்டுமென்றால் காலி வீதியால் களுத்துறை போய்த் திரும்பலாம், வெள்ளவத்தையில் இருந்து ஒரு பக்கம் ஏறக்குறைய 35 கி.மீ. ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் அவிசாவளைப் பக்கம் போக வேண்டும். கரையோரக் கொழும்பு தட்டை, மேம்பாலத்தை மேடு என்று கணக்கெடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

நனைந்த சைக்கிளை அப்படியே சாத்திவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றில் காலையில் நனைந்த செயின் பின்னேரம் செம்மஞ்சளாகிவிடும். முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். வாகனம் கழுவுகிற இடங்களின் அழுத்தக் குழாயைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், பெயாரிங்குக்குள் இருக்கிற கிறீஸ் வெளியே வந்துவிடும். வெறும் ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, கிழிந்த சாரம் ஒன்று. செயினைப் பல்துலக்கியால் தேய்த்தபடி பெடலைப் பின்னுக்குச் சுற்றுங்கள். கறுப்புத் தண்ணீர் வடிந்து முடிந்ததும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் ஒருமுறை. சாரத்துணியால் இறுக்கிப் பிடித்துத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு, கீழ் வரிசையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஒயில். ஈரத்துக்கான ஒயில் கிடைத்தால் நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிசின் மாதிரி இறுகி மண்ணைப் பிடித்து வைக்கும். கால் மணி நேரம் கழித்து வெளியே இருக்கிற ஒயிலை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது உள்ளே இருக்கிற ஒயில், வெளியே இருப்பது தூசிக்குத்தான் உதவும்.

அளவுகோல் ஒன்றை எடுத்துச் செயினில் வையுங்கள். புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவில் இருந்து எண்ணி 24 ஆணி தள்ளி வருவதன் நடுவுக்குச் சரியாக 12 அங்குலம். அதில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பல்சில்லுகளும் தேய்ந்து செலவு பலமடங்காகும். மழைக்காலத்தில் இதை மாதம் ஒருமுறை பாருங்கள்.

றிம் பிரேக் கட்டைகளில் மினுங்குகிற அலுமினியத் துகள் இருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள், விட்டால் றிம்மை அரைத்துத் தின்னும். டிஸ்க் பிரேக் என்றால் ஒயில் ஒரு சொட்டும் அதன் தட்டில் படக்கூடாது. சீற் கம்பின் உயரத்தை ரேப்பால் அடையாளம் வைத்துக் கழற்றிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாக்கினால் சட்டத்துக்குள் தேங்கிய தண்ணீர் வடியும். சப்பாத்துக்குள் பழைய வீரகேசரித் தாளைக் கசக்கித் திணியுங்கள், பின்னேரம் ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் காய்ந்திருக்கும். இதில் கைவராத வேலைகளுக்கு சைக்கிள் திருத்துகிற நல்ல பாஸ் ஒருவரைப் பிடித்து வையுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பலர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

கிழமை நாட்களும் சாப்பாடும்

ஞாயிறு நீண்ட ஓட்டம், அது வேகமாக இருக்கக்கூடாது. பக்கத்தில் வருகிறவருடன் முழு வசனமாகக் கதைக்க முடிகிற அளவு போதும். கிழமை நடுவில் ஒருநாள் மட்டும் கடும் பயிற்சி: நான்கு நிமிடம் மூச்சு வாங்க மிதிப்பது, மூன்று நிமிடம் ஆறுதல், இப்படி நான்கு தரம். மழை நாளில் இதை வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்கிற தாங்கியில், செய்யலாம். அடுக்குமாடி என்றால் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, இரவு எட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். மேசை மின்விசிறி இல்லாமல் செய்யவே வேண்டாம்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் கொழும்பு ஈரப்பதனில் வியர்வை குறைவதில்லை. மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடியுங்கள். தேசிக்காய்ப் புளி, உப்பு, கொஞ்சம் சீனி கலந்த தண்ணீரே காணும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற ஓட்டத்தில் பசிக்கும்முன் சாப்பிட வேண்டும்: வாழைப்பழம், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். யாழ்ப்பாணத்தில் இருந்து யாராவது வந்தால் பனங்கட்டிக் குட்டான் கொண்டுவரச் சொல்வேன். உடைத்துச் சின்னத் துண்டுகளாகச் சுற்றி முதுகுப் பையில் போட்டால், கடையில் விற்கிற விலை கூடிய ஜெல்லை நான் தேடுவதில்லை.

முதல் ரேஸ்

எடுத்த எடுப்பில் பெரிய வீதி ரேஸுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். குழுவுக்குள்ளேயே ஒரு டைம் டிரையல் வையுங்கள், நிமிடத்துக்கு ஒருவராக விட்டு 10 கி.மீ. அதில் உங்கள் காலின் அளவு தெரியும். அப்புறம் சித்திரைக்கு ஊரில் நடக்கிற போட்டி ஒன்று. சாதாரண சைக்கிளில் ஓடுகிற போட்டிகளும் உண்டு, அவை இளக்காரமானவை அல்ல.

புதிய சப்பாத்து, புதிய சீற், புதிய சாப்பாடு எதையும் ரேஸ் அன்று முதன்முதலாகப் பயன்படுத்தாதீர்கள். முதல்நாள் இரவே உங்கள் போட்டி இலக்கத் தாளைச் சட்டையில் நான்கு மூலையிலும் ஊசி குத்திவிடுங்கள், காற்றில் படபடக்கக்கூடாது. ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருங்கள். பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று எழும்பி மிதித்தே களைத்துப்போவார்கள். திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். உட்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கப் பெடல் கீழே, பாரம் முழுக்க அந்தக் கீழ்க்காலில். ஈரமாக இருந்தால் குறைவாகச் சாயுங்கள். யாராவது கூட்டத்தை விட்டு வெட்டிக்கொண்டு முன்னால் ஓடினால் முதல் ரேஸில் துரத்த வேண்டாம்.

முடிவுக்கோட்டை நோக்கிய கடைசி வேக ஓட்டத்தில் தலையைக் குனியாமல் உங்கள் கோட்டைப் பிடித்து நேராக மிதியுங்கள். முடிவுக்கோட்டில் பிரேக் பிடிக்காதீர்கள், பின்னால் இன்னும் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார்கள். நூறு மீற்றர் தள்ளிப் போய், ஓரம் எடுத்து, ஆறுதலாக நிறுத்துங்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு, இலக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் குழுவின் கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கேயே நின்று கத்தி உற்சாகப்படுத்துங்கள்.